ராஜகிரி ஏறியாச்சு... பிரஷர் பார்த்தாச்சா?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். "அதையே அசால்ட்டா ஏறி இறங்கிட்டேன், எனக்கு எங்க பிரஷர் வரப்போகுது?" என்று ஐம்பது வயதுக்காரர் கேட்டால், வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால், உயர் ரத்த அழுத்தத்துக்கும் கால் தெம்புக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தலைவலிகூட வராது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து இதயம், மூளை, சிறுநீரகம், கண் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் இதய மருத்துவர் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. அந்த நவம்பரிலேயே நான்காவது முறையாகத் தேர்தலில் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று பின்தலையில் கடும் வலி என்றார்; சற்று நேரத்தில் நினைவிழந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அன்றே இறந்தார். வயது 63. அத்தனை பெரிய பதவியில் இருந்தவருக்கும் கொடுக்க அன்று நல்ல மாத்திரை கிடையாது.

இன்று மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். கட்டணம் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று பத்தே நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் பலர். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு.

பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் காபி, புகை வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். வேறு வேறு நாள்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் உடனே 108.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பிரஷர் மிக அதிகம் என்று தெரிந்தவர்கள், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மலையேற வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு அழுத்தம் கட்டுக்குள் வந்தபின், பேரப்பிள்ளைகளோடு நிதானமாக ராஜகிரி ஏறலாம்.