மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுவதா நோய் விசாரிப்பு?

 

எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் ஃபஜ்ருத் தொழுகைக்கு முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் கடும் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள் மருத்துவர்கள். ஒன்பது நாள்களில் வீடு திரும்பினார். பழமும் ரொட்டியுமாக ஊரே திரண்டு சென்று பார்த்தது. நானும் சென்றேன், தலைமாட்டில் அமர்ந்து ஷிஃபாவுக்காக துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன். ஒரு வாரத்தில் வருகைகள் நின்றுபோயின. மூன்றாம் வாரம் அவரை மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள்.

காரணத்தை என்னிடம் சொன்னவன், மதரஸாவில் ஓதும் அவருடைய பேரன். "ஹஜ்ரத், நன்னா அந்த இன்ஹேலரை மூச்சு முட்டும்போது மட்டும்தான் அடிப்பாங்க. அடிச்சாலும் பாதி மருந்து புகையா வெளியே வந்துடும்." காலையும் மாலையும் தவறாது இழுக்க வேண்டிய மருந்து அது. அதை எவ்வாறு இழுக்க வேண்டும் என்பதை அவர் ஒருபோதும் சரியாகக் கற்றிருக்கவில்லை. அந்த வீட்டில் அரைமணி நேரம் அமர்ந்திருந்த நானும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த உறுத்தலே இக்கட்டுரையை எழுத வைத்தது.

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிமின் மீதுள்ள உரிமைகளுள் ஒன்றாக நோயாளியை நலம் விசாரிப்பதை நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். நோயுற்ற அடியானைச் சென்று பார்க்காதவனிடம் மறுமையில் அல்லாஹ் கேள்வி கேட்பான் என்ற கருத்துடைய ஹதீஸ் குத்ஸி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இத்துணை சிறப்புடைய கடமையை, நோயாளிக்கு நம் உதவி மிகவும் தேவைப்படும் நாள்களுக்கு முன்பே நாம் முடித்துக்கொள்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

இந்நோயில் நுரையீரலின் காற்றுக்குழாய்கள் சுருங்கி, சளியால் அடைபட்டு, உள்ளே சென்ற காற்று முழுமையாக வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. பீடி, சிகரெட் மட்டுமே இதற்குக் காரணமல்ல. பல்லாண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதிய நம் தாய்மார்களும் இதற்கு ஆளாகிறார்கள். புகைபிடிக்காத பெண் என்பதால் அவர்களுடைய மூச்சிரைப்பை வயதின் தளர்ச்சி என்றே விட்டுவிடுகிறோம். சேதமடைந்த நுரையீரல் பழைய நிலைக்கு முற்றாகத் திரும்புவதில்லை. ஆயினும் முறையான மருந்தாலும் கவனிப்பாலும் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தலாம். திடீர்த் திணறல்களையும் குறைக்கலாம்.

திடீரென முற்றி மருத்துவமனைக்குச் சென்று திரும்பியவருக்கு அடுத்த சில வாரங்கள் அபாயகரமானவை. ஆகவேதான் 'கோல்டு' எனப்படும் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், வீடு திரும்பிய 1 முதல் 4 வாரங்களுக்குள் ஒருமுறையும், 12 முதல் 16 வாரங்களுக்குள் மறுமுறையும் நோயாளியைப் பரிசோதிக்கச் சொல்கிறது. நம் ஊர்களில் நடப்பதோ வேறு. மருத்துவமனை தரும் குறிப்புத்தாள் அலமாரித் துணிகளுக்கு அடியில் போய்விடுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு, அவருடைய பகுதியில் இப்படியொருவர் திரும்பியிருக்கிறார் என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் நம் வாசலுக்கே வருகின்றன. அது பாராட்டத்தக்க பணி. மூச்சுக்குப் போராடுபவருக்கும் அதே அக்கறை வேண்டும். அவர் வீடு திரும்பும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தகவல் செல்ல வேண்டும். இரு வாரங்களுக்குள் ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து, அவர் இன்ஹேலரை இழுக்கும் முறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். மருந்து தீருமுன் அடுத்தது கிடைக்க வேண்டும். இதை அரசிடம் கேட்பது நம் உரிமை.

"அது அரசின் வேலை; ஜமாஅத்துக்கு இதில் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜமாஅத் மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. அந்த மனிதர் மருத்துவரின் பார்வையிலிருந்து நழுவிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். குறிப்புத்தாளுடன் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல ஓர் இளைஞர் வேண்டும். வசதியற்றவரின் இன்ஹேலருக்கும், மருந்து வீணாகாமல் உள்ளே செல்ல உதவும் ஸ்பேசர் குழாய்க்கும் பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகை ஒதுக்கினால் அது சிறந்த ஸதகா ஆகும்.

வீட்டாருக்கும் சில பொறுப்புகள் உண்டு. இன்ஹேலர் பழக்கத்திற்கு அடிமையாக்கும் என்ற அச்சம் ஆதாரமற்றது. அதைக் கைவிடுவதே ஆபத்து. அழுத்தி இழுக்கும் வகையெனில், முதலில் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, அழுத்தியவாறே மெதுவாக உள்ளிழுத்து, 10 விநாடி அளவு மூச்சை அடக்க வேண்டும். அதில் ஸ்டீராய்டு மருந்து இருந்தால் பின்னர் வாய் கொப்பளிக்க வேண்டும். வியாழன் மாலைகளில் நாம் விரும்பிப் போடும் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும்கூட இவர்களின் மூச்சை அடைக்கும். அவற்றை அந்த வீட்டில் தவிர்ப்போம். சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், இரைப்பு கூடினாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உதடு நீலம் பூத்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

ஆலிம்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ரமளானில் இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் குழப்பத்தில் முதியவர்கள் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ். ஸஹரிலும் இஃப்தாரிலும் மருந்தை அமைத்துக்கொள்ள முடியுமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்கட்டும். முடியாதெனில், குணமடைவோர் பின்னர் களாச் செய்யலாம். குணத்திற்கு வாய்ப்பில்லாதோர் ஃபித்யா கொடுக்கலாம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருப்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்வோம்.

அந்தப் பெரியவர் இப்போது, அல்ஹம்துலில்லாஹ், நாற்காலியில் அமர்ந்து ஃபஜ்ருத் தொழுகிறார். காலையிலும் மாலையிலும் அவர் மருந்தை இழுப்பதை அவருடைய பேரன் பக்கத்தில் நின்று கவனிக்கிறான். நாம் ஒன்பதே வயதுச் சிறுவனிடம் விட்டுவிட்ட கடமை அது. அடுத்த முறை ஒரு நோயாளியைக் காணச் செல்லும்போது, துஆச் செய்த பின், "மருந்து இருக்கிறதா? மறுபரிசோதனை என்றைக்கு?" என்று கேட்டுவிட்டு எழுவோம்; அந்த நாளில் மீண்டும் போய் நிற்போம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.