மீசை முளைத்த பொம்மைகள்

'நியூ கிட்ஸ் ஆன் த பிளாக்' என்ற குழு தன் பெயரை 'என்.கே.ஓ.டி.பி.' என்று சுருக்கிக்கொண்டது. 'கிட்ஸ்' என்ற சொல்லை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைப்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது. அந்தப் பெயரோடு 1993 இறுதியில் வந்த பாடல் 'டர்ட்டி டாக்'. தலைப்பே வசைதான். நாய் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்தைக்கூடத் தெருப் பாணியில் மாற்றியிருந்தார்கள். கனத்த தாளம், ஹார்லெமிலிருந்து வந்த டெடி ரைலியின் கைவண்ணம், 'நைஸ் அண்ட் ஸ்மூத்' இரட்டையரின் ராப். முரட்டுத்தனத்துக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 66-வது இடத்தைத் தாண்டவில்லை.

இதே பையன்கள்தான் 1991-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் அதிகம் சம்பாதிக்கும் கலைஞர்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள். பில் காஸ்பிக்கும் மேலே. பாடல்களோடு பொம்மைகளும் சாப்பாட்டு டப்பாக்களும் விற்றன. சிக்கல் அங்கேதான். பொம்மை வாங்கிய சிறுமி வளர்ந்துவிட்டாள். பொம்மைக்கும் மீசை முளைத்துவிட்டது. பன்னிரண்டு வயதில் குழுவில் சேர்ந்த ஜோயி மெக்கின்டயருக்கு அந்த ஆண்டு முடிவில் 21 வயது. இன்னும் எத்தனை காலம் கன்னத்தைக் கிள்ளக் கொடுப்பார்?

முரட்டு இசை அவர்களுக்கு அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவர்களை வைத்து 'நியூ எடிஷன்' குழுவை 1983-ல் புகழுக்குக் கொண்டுவந்தவர் மாரிஸ் ஸ்டார். அவர்கள் கைநழுவிப் போனதும், அதே அச்சில் வெள்ளைச் சிறுவர்களை வார்க்கப் புறப்பட்டார். அப்படிப் பிறந்ததுதான் நியூ கிட்ஸ். ஆக, ஆரம்பமே இரவல் சட்டை. ஆனால் அந்த நியூ எடிஷன் பையன்களில் மூவர் 'பெல் பிவ் டிவோ' என்ற பெயரில் 1990-ல் 'பாய்ஸன்' என்ற கரடுமுரடான பாடலைத் தந்தபோது அது மூன்றாம் இடம்வரை ஏறியது. கறுப்பினப் பையன்கள் முரடானால் வளர்ச்சி; வெள்ளைப் பையன்கள் முரடானால் வேஷம். சந்தை அப்படித்தான் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு முழுக்க அநியாயம் என்றும் சொல்வதற்கில்லை. 1992-ல் அவர்களது ஆல்பத்தில் வேலை செய்த ஒருவர், பாடுவது இவர்கள் குரலே அல்ல என்று குற்றம்சாட்டினார். ஆர்ஸெனியோ ஹால் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஓடிப்போய் நேரடியாகப் பாடிக் காட்ட வேண்டியதாயிற்று. குற்றச்சாட்டு பின்னர் வாபஸ் ஆனது. ஒட்டிய சந்தேகம் போகவில்லை. ஸ்டாரை விட்டு விலகி, தங்கள் சொந்தக் குரல் இது என்று அவர்கள் நீட்டிய பாடல் 'டர்ட்டி டாக்'. அதைக் கேட்டால் முதலில் காதில் விழுவது ரைலியின் முத்திரை. சொந்தக் காலில் நிற்கப் போனவர்கள் மறுபடியும் இன்னொருவர் செருப்பில் நின்றார்கள். 1994 ஜனவரியில் வந்த 'ஃபேஸ் த மியூசிக்' ஆல்பத்தில் இதைவிட நல்ல பாடல்கள் உண்டு. யாரும் அதுவரை பொறுக்கவில்லை. அதே ஆண்டில் குழு கலைந்தது.

இத்தனைக்கும் குழுவின் டானி வால்பெர்க்குக்கு ராப் கைவந்த கலை. ஆரம்பத்தில் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகிய அவரது தம்பி மார்க், அண்ணனின் உதவியோடு 1991-ல் தந்த 'குட் வைப்ரேஷன்ஸ்' முதலிடம் பிடித்தது. தம்பியின் படம் போட்ட சாப்பாட்டு டப்பா எதுவும் அதற்கு முன் விற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2008-ல் ஐவரும் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். எல்லோரும் 35 வயதைத் தாண்டியவர்கள். மூத்தவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சுருக்கிய பெயரைக் கைவிட்டு, 'கிட்ஸ்' உள்ள பழைய முழுப் பெயரிலேயே வந்தார்கள். அரங்குகள் நிரம்பின.