ஒரே சஹனில்

"நீங்க எந்த வீட்டு மகள்?"

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நான் கேட்ட கேள்வி இது. நினைக்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

சகோதரிகளே, நமது கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சஹனுக்கு ஆள் குறைந்தால் யாரையாவது கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அன்று எங்கள் சஹனுக்கு அப்படி வந்து சேர்ந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒருவர். சாதாரண சாரி, தலையில் முந்தானை.

என் கேள்விக்கு ஊரின் பெயரைச் சொன்னார். என்ன தொழில் என்றேன். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். அதோடு விட்டேனா? பிள்ளைகளின் வாசிப்பில் தொடங்கி, கதை எழுதும் பெண்களிடம் போய் நின்றேன். இவர்களுக்கு வீட்டில் அடுப்பு மூட்டும் வேலையே இல்லை போலிருக்கிறது, நம் வீட்டுக் கஷ்டம் எங்கே தெரியப் போகிறது என்று பேசித் தீர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். "சாப்பிடுங்க ராத்தா, ஆறிடும்."

திரும்பி வரும்போது வேனில் மகள் கேட்டாள்: "உம்மா, அவங்களோட ஒரே சஹன்ல இருந்தீங்களே, என்ன கதைச்சீங்க?" பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயருக்குரியவரின் கதைகளைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, சீ.ஆர். கொப்பியில் ஒட்டி வைத்திருப்பவள் நான். என் உம்மா மௌத்தான வருடம், அவருடைய ஒரு கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் நாட்களைக் கடத்தினேன். என்றைக்காவது காணக் கிடைத்தால் இதைச் சொல்ல வேண்டுமென்று எத்தனை வருடம் நினைத்திருந்தேன்! பெயர்தானே உங்களுக்குத் தெரியும், முகம் தெரியாதே என்று மகள் ஆறுதல் சொன்னாள். சரிதான். ஆனால் நான் பேசிய பேச்சு?

அந்த இரவில் எனக்கு நினைவு வந்தது எலிசபெத் மகாராணியைப் பற்றிய ஒரு சம்பவம். 1972 வரை நமது நாட்டுக்கும் அவர்தான் மகாராணி. 1954இலும் 1981இலும் இங்கு வந்து போனவர். உம்மாவின் சில்லறைப் பெட்டியில் அவர் தலை பொறித்த இரண்டு சதக் காசு வெகுகாலம் கிடந்தது. அவரை அடையாளம் தெரியாத ஒருவர் உலகத்தில் இருப்பாரா என்றுதான் தோன்றும். இருந்தார்.

ஸ்கொட்லாந்தில் பல்மோரல் என்ற இடத்தில் அரச குடும்பத்துக்கு ஒரு மாளிகை உண்டு. அங்கு தங்கும் நாட்களில் மகாராணி தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நடமாடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் பாதுகாப்பு அதிகாரி ரிச்சர்ட் கிரிஃபினோடு மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். எதிரே இரண்டு அமெரிக்க உல்லாசப் பயணிகள். நின்று சுகம் விசாரித்தார் மகாராணி. நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார் ஒரு அமெரிக்கர். லண்டனில்தான், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் விடுமுறைக்கு வந்து தங்க ஒரு வீடு இருக்கிறது என்றார். ஒரு வார்த்தை பொய் இல்லை! சின்னப் பிள்ளையாக இருந்தது முதல் எண்பது வருடத்துக்கு மேலாக வருவதாகவும் சொன்னார். அப்படியென்றால் மகாராணியைச் சந்தித்திருப்பீர்களே என்றார் அமெரிக்கர். நான் சந்தித்ததில்லை, இவர்தான் அடிக்கடி சந்திப்பார் என்று அதிகாரியைக் காட்டிவிட்டார்.

மகாராணி எப்படிப்பட்டவர் என்று அதிகாரியிடம் கேள்வி போயிற்று. சில வேளைகளில் சிடுசிடுப்பார், ஆனால் நல்ல நகைச்சுவை உள்ளவர் என்றாராம், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. உடனே அந்த மனிதர் அதிகாரியின் தோளில் கையைப் போட்டு, கெமராவை மகாராணியிடம் நீட்டி, எங்களை ஒரு படம் எடுங்கள் என்றார். மகாராணியும் எடுத்துக் கொடுத்தார். பிறகு கிரிஃபின், மகாராணியோடு அவர்களை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கடைசி வரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. ஊருக்குப் போய் நண்பர்களுக்குப் படத்தைக் காட்டும்போது, அந்த இடத்தில் தான் இருந்து பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றாராம் மகாராணி. 2022இல், அவர் ஆட்சிக்கு வந்த எழுபதாவது ஆண்டு விழாவின்போது கிரிஃபின் சொன்ன கதை இது. அதே வருடம் செப்டெம்பரில் அதே பல்மோரலில் மகாராணி காலமானார்.

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முன்பு நானும் சிரித்தவள்தான். இப்போது முடியவில்லை. "இது யாரென்று தெரியுமா?" என்று வீட்டில் யாரோ கேட்ட நேரம் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? அவருக்காவது கையில் ஒரு படம் மிஞ்சியது. பிழையாக அவர் ஒன்றும் பேசவும் இல்லை.

மகாராணி கொஞ்சம் விளையாடிப் பார்த்தார். என்னோடு சாப்பிட்ட டீச்சர் அதைக்கூடச் செய்யவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை, டீச்சராக இருந்தவர்தானே. "நான்தான் அது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு எழுந்து போகவும் முடியாது, சோறு இறங்கவும் இறங்காது. அந்த இறைச்சித் துண்டு ஏன் என் பக்கம் வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

மகள் விலாசம் எடுத்துத் தந்திருக்கிறாள். மன்னிப்பை முதலில் எழுதுவதா, அந்தக் கதையைப் பற்றி முதலில் எழுதுவதா என்று தெரியாமல் மூன்று கடிதம் கிழித்தாயிற்று. நாலாவதை உம்மா மௌத்தான வருடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.