பாவு போடாமல் புடவையா?

காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்குப் பட்டும் கோயிலும் ஞாபகம் வரும். துளசிமதி முருகேசன் வருகிறாரா? அந்த ஊர்ப் பெண். 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் பேட்மின்டன் தங்கம். 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் வெள்ளி.

பாரிஸ் வெள்ளிக்குத் தமிழக அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. சபாஷ், கொடுக்க வேண்டியதுதான். என் கேள்வி வேறு. இடது கை ஒத்துழைக்காத அந்தச் சின்னப் பெண்ணிடம் மட்டையைக் கொடுத்து, வருஷக்கணக்கில் பழக்கியது யார்? கூலி வேலை பார்த்த அப்பா! முதல் போட்டவர் அவர். ஜெயித்ததும் 'எங்க ஊர்ப் பொண்ணு' என்று லாபத்தில் பங்கு கேட்பது நாம்.

அவருக்கு அப்பா இருந்தார். அப்படி ஓர் அப்பா வாய்க்காத பிள்ளைக்கு? பள்ளிக்கூடம்தானே கதி? அங்கே பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார்; திருப்பித் தருவதே இல்லை. நீங்களும் 'மார்க் வந்தா போதும் சார்' என்று தலையாட்டுகிறீர்கள். கை காலில் குறை இருக்கிற பிள்ளை என்றால், 'நீ ஓரமா உட்காரும்மா.' அதோடு சரி.

பாவு போடாத தறியில் புடவை இறங்காது என்பது காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். பதக்கமும் அப்படித்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேளுங்கள்: 'இந்த வாரம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது சார்?'

மாலை, சால்வையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.