கலந்துவிட்ட வைரசும் கலங்கி நிற்கும் எம்மவரும்

எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. 1983இல் பாரிஸ் பஸ்தர் நிறுவகத்தில் இனங்காணப்பட்டது. ஆயினும் அவ்வைரசு உலகெங்கும் ஒரே உருவில் உலவவில்லை என்பதை எம்மவரில் பலர் அறியார்.

உலகத் தொற்றுக்குப் பெரிதும் காரணமான எச்.ஐ.வி.-1 'எம்' குழுவில் உபவகைகள் பல உள. மேற்கைரோப்பாவில் முதலில் வேரூன்றியது 'பி' வகை. இந்தியாவில் முதல் தொற்றுகள் 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சொலமன், அவரது மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் வெளிப்பட்டன. அந்நாட்டில் மேலோங்கியது 'சி' வகை. உலகத் தொற்றாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வகைக்கு உட்பட்டோரே.

ஒருவருடைய ஒரே கலத்தினுள் இருவகை வைரசுகள் புகுந்தால், அங்கு பிறக்கும் வைரசு வகைக்கொன்றாக இரு மரபுப் பிரதிகளைச் சுமக்கலாம். அது அடுத்த கலத்தில் பெருகுகையில் நொதியம் ஒரு பிரதியிலிருந்து மற்றதற்குத் தாவிச் செல்கிறது. விளைவு, இரண்டும் கலந்த புதுவகை. மேற்காபிரிக்காவில் பரவிய 'ஏஜீ' அத்தகையது. பிரான்சிலும் அது காணப்படுகிறது.

வகைகளை அறிதல் அவசியமே. 1994இல் பிரான்சில், அரிதான 'ஓ' குழுத் தொற்றுகள் சிலவற்றை அன்றைய சில பரிசோதனைகள் தவறவிட்டமை தெரியவந்தது. பின்னர் அவை திருத்தப்பட்டன. ஆனால் உபவகை என்பது வைரசு வந்த வழியின் தடயம். நோயாளியின் இனத்துக்கு இடப்பட்ட முத்திரையன்று.

"வெளிநாட்டார் கொணர்ந்த நோய்" என விரல் நீட்டுவோர் ஒன்றை அறிய வேண்டும். பாரிஸ் பிராந்தியத்தில் 2012-2013இல் நடந்த ஆய்வின்படி, சகாராவுக்குத் தெற்கே பிறந்த தொற்றாளருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் பிரான்சுக்கு வந்தபின்னரே தொற்றுக்குள்ளாகினர். வதிவிட அனுமதியும் நிலையான உறைவிடமும் இல்லாத காலமே அவர்களுக்கு ஆபத்தான காலமாயிற்று. திரான்சியில் நெருக்கமான அறைகளில் வாழ்ந்து, வேலை தேடி லா சப்பலுக்கு வரும் எமது இளைஞருக்கு அக்காலம் புதிதன்று.

"இரத்தம் கொடுத்தால் அகதி வழக்குக் கெடும்" என்ற அச்சம் ஆதாரமற்றது. இப்பரிசோதனை அகதி விண்ணப்பத்தின் அங்கமன்று. மருத்துவர் இரகசியம் காக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர். பெயர் கூறாது இலவசமாகப் பரிசோதிக்கும் நிலையங்களும் இங்குண்டு. இன்றைய கூட்டு மருந்துகள் 'எம்' குழுவின் எல்லா உபவகைகளையும், கலப்பு வகைகளையும் அடக்குகின்றன. இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரசு தொடர்ந்து அடங்கியிருப்பின், உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது.

வைரசு எந்த வகை என்பதை ஆய்வுகூடம் பார்த்துக்கொள்ளும். காலந்தாழ்த்தாது பரிசோதித்துக்கொள்வதே நாம் செய்யவேண்டியது.