காரின் நோய் சொல்லும் வாய்

சேமநிதிப் பணத்தில் மகனுக்குப் பழைய கார் வாங்கும் பெரியவர்கள் சாயத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். இருக்கையைத் தடவிப் பார்க்கிறார்கள். காரின் பழுதைச் சொல்லும் சொருகுவாயைத் தேடுவதில்லை. அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். இங்கு ஓடும் அண்மைக்காலக் கார்களிலும் உண்டு.

ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில் துழாவுங்கள். 16 துளைகள், ஒரு பக்கம் அகன்றிருக்கும். அகப்படவில்லையா? ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப் ஒடியும், விரலே போதும். 16ஆம் துளையில் சாவி போடாமலே மின்சாரம் இருக்கும். கம்பி நுழைக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

பட்டறைக்காரர் கருவியைச் சொருகி, 'பழுதில்லை' என்பார். உடனே பணத்தை எண்ணிவிடாதீர்கள்! விற்பவர் முதல்நாளே பழுதுக் குறிப்பை அழித்திருக்கலாம். காரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று கேளுங்கள். பல முடியவில்லையென்றால், சில நாள் ஓடியபின் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம்கூட வேண்டாம்.