பட்டியல் ஒட்டுவதற்குள் எழுதிக் கொடுங்கள்!

சமூகப்பணி படிக்கும் தோழர்களே! களப்பணிக்கு யாரை எங்கே அனுப்புவது என்ற பட்டியல் தயாராகும்போதே நாம் வாய் திறந்தாக வேண்டும். ஒட்டிய பிறகு கேட்டால், "இந்த செமஸ்டர் சமாளிங்க, அடுத்ததுல பார்ப்போம்" என்பார்கள். அடுத்த செமஸ்டரிலும் அதையேதான் சொல்வார்கள்.

நடப்பதைப் பாருங்கள். திக்கிப் பேசும் மாணவி ஒருத்தி தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்குகுளிப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவள் கேள்வியை முடிக்கும்வரை காத்திருந்து, மனம் விட்டுப் பேசுகிறார்கள். காத்திருக்காதவர் மதிப்பெண் போடுபவர்தான். குழுக் கூட்டத்தில் அவள் தொடங்கிய வாக்கியத்தைத் தானே முடித்துவிட்டு, 'தொடர்புத் திறன்' கட்டத்தில் கை வைக்கிறார். காது கேளாத தோழர் பாடு இன்னும் மோசம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் அறையில் அவர் யார் உதட்டைப் பார்ப்பார்? சக்கர நாற்காலியில் வருபவரை, மாடிப்படியைக் காரணம் காட்டி, மக்கள் முகமே பார்க்காத கோப்பு வேலைக்கு அனுப்புகிறார்கள். அது களப்பணியே அல்ல.

நாவன்மைதான் தொடர்பு என்று இந்தக் கரையில் யாரும் சொல்லக் கூடாது. முத்துக்குளித்த காலத்தில் கடலடியில் இருப்பவர் கயிற்றைச் சுண்டுவார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் அந்த அசைவை உணர்ந்து அவரை மேலே தூக்குவார். உயிரே அந்தக் கவனிப்பில்தான் இருந்தது. மூழ்கி மூழ்கிக் காது மந்தமான சங்குகுளியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். சைகையும் எழுத்தும் பழகிய நம் தோழரைவிட அவர்களோடு பேசத் தகுந்தவர் யார்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி, பிரெய்ல், பெரிய எழுத்து, ஒலிப்பதிவு, எளிய நடை எல்லாவற்றையும் 'தொடர்பு' என்றே வரையறுக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. அதை மறுப்பதே பாகுபாடு. 40 விழுக்காட்டுச் சான்றிதழ் இல்லையா? தயங்காதீர்கள். விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இந்த வசதி 40 விழுக்காட்டை எட்டியவர்களுக்கு மட்டுமானதல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது.

சலுகை என்ற சொல்லை நாமே உச்சரிக்க வேண்டாம். நாம் கேட்பவை இவைதான்: படி ஏறாமல் போகக்கூடிய நிறுவனம், குழுக் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேசும் முறை, தேவைப்படும் இடத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர், அறிக்கையை ஒலிப்பதிவாகத் தரும் உரிமை, முன்கூட்டியே கையில் கிடைக்கும் கேள்விகள். இவற்றில் பல காசே செலவாகாதவை. மாணவர், துறைப் பேராசிரியர், நிறுவன மேற்பார்வையாளர் மூவரும் களத்தில் இறங்குவதற்கு முன்பே இவற்றை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உடல்நிலை விவரத்தை வகுப்பறையில் வைத்து விசாரிக்க யாருக்கும் உரிமை இல்லை.

குறைபாடு இல்லாத தோழர்களே, இது உங்கள் வேலையும்தான். பாதிக்கப்பட்டவரைத் தனியாகத் துறைத் தலைவர் அறைக்கு அனுப்பிவிட்டு வராந்தாவில் நிற்காதீர்கள். கூடவே உள்ளே போங்கள், கடிதத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். நாளை நீங்கள் போகப்போகும் மருத்துவமனை வார்டிலும் உப்பள வீட்டிலும் இதே உரிமைக்காகத்தானே பேசப் போகிறீர்கள்?

மறுத்தால், திங்கட்கிழமை கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். முதலில், இந்த வாரமே கடிதத்தைக் கொடுங்கள். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள்.